அண்ணன் வரலையாக்கா?

எங்க சித்தி 2019 டிசம்பர் உள்ளாட்சித் தேர்தல்ல வார்டு மெம்பருக்கு நின்னு ஜெயிச்சாங்க. குன்னூர்ல இருந்து அரை மணி நேர பஸ் தூரம், ஊர் பேரு வேணாம், சித்தி திட்டுவாங்க. வார்டு மெம்பருக்கு கட்சி சின்னம் கிடையாதுல்ல, சித்திக்கு பூட்டு சாவி கிடைச்சுது, சித்தப்பா உடனே நோட்டீஸ் அடிச்சாரு. சித்தி போட்டோ ஸ்டாம்ப் சைஸ்ல, கீழ 'இவண்'னு சித்தப்பா பேரு கொட்டை எழுத்துல. ஜெயிச்சப்புறம் அடிச்ச லெட்டர் பேடுலயும் போன் நம்பர் அவரோடது தான்.

உண்மையச் சொன்னா சித்தி நிக்கணும்னு சித்தியே நினைக்கல. வார்டு பெண்களுக்குன்னு ஆயிடுச்சு, சித்தப்பாவால நிக்க முடியல, அவ்ளோ தான். முன்னாடி மூணுல ஒரு பங்கா இருந்த பெண்கள் இடத்தை 2016ல தமிழ்நாட்டு ஊராட்சி சட்டத்தை திருத்தி மொத்த இடத்துல சரிபாதியா உயர்த்தினாங்க. இதைச் சொன்னாலே "எல்லாம் பொம்மைங்க, புருஷன் தானே ஓட்டுறான்"னு டீக்கடையில ஒருத்தர் ஆரம்பிப்பாரு. நானும் கொஞ்ச நாள் அப்படித் தான் நினைச்சேன்.

முதல் கூட்டத்துக்கு சித்தி தனியா போயிருக்காங்க. உள்ள நுழைஞ்சதும் கிளார்க் கேட்டது, "அண்ணன் வரலையாக்கா?" சித்தி ஒண்ணும் சொல்லாம கையெழுத்து போட்டுட்டு வந்துட்டாங்க. அடுத்த கூட்டத்துக்கு சித்தப்பாவே போயி முன் வரிசையில உக்காந்தாரு. நடுவுல கொரோனா வேற, ரொம்ப நாள் இப்படியே போச்சு.

மாறினது லைட்டு விஷயத்துல. பஸ் ஸ்டாப்ல இருந்து எங்க லைன் வீடுங்க வரைக்கும் தேயிலைக்கு நடுவுல தான் பாதை, நாலு கம்பத்துல ஒண்ணு கூட எரியாது. பறிப்பு முடிஞ்சு, கடைக்குப் போயி, பொம்பளைங்க வர்றப்ப இருட்டிடும். ஒரு நாள் வளைவுல காட்டுமாடு நின்னுட்டு இருந்துது, சித்தியும் இன்னும் மூணு பேரும் அரை மணி நேரம் அசையாம நின்னாங்களாம், அரிசிப் பையை தலையில வெச்சிட்டு. அந்த வாரம் கூட்டத்துல ஊர் நுழைவுல ஆர்ச் கட்டணும்னு பேச்சு ஓடிட்டு இருக்கு, சித்தி எழுந்து லைட்டு கேட்டுட்டாங்க. சரின்னு சொல்லிட்டு கிளார்க் மினிட்ஸ் புக்குல சித்தப்பா பேரை எழுதி வெச்சிருக்காரு! சித்தி படிச்சுப் பாத்துட்டு, "தம்பி, மெம்பர் நான், பேரை மாத்தி எழுதுங்க, அப்புறம் கையெழுத்து போடறேன்"னு சொல்லிட்டு பேனாவை மூடி வெச்சிட்டாங்களாம். அதுக்கப்புறம் படிக்காம எதுலயும் கையெழுத்து போட்டதில்ல. நாலு கம்பமும் எரிய எட்டு மாசம் ஆச்சு, ஆர்ச் இன்னும் வரல :)

கிராம சபை கதை தனி. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2ன்னு வருஷா வருஷம் நடக்கும், 2022ல மார்ச் 22, நவம்பர் 1னு ரெண்டு நாள் சேத்தாங்க. பெரும்பாலும் லீவு நாள் தானேன்னு கேக்கலாம். லீவு நாள்னா இங்க ஒரு வாரத் துணி துவைக்கற நாள், விறகு எடுக்கற நாள். காலையில 11 மணிக்கு சபைன்னா எந்தப் பொம்பளை வருவா, வந்தாலும் ஜனவரி குளிர்ல கீழ தார்ப்பாய் விரிச்சு உக்கார வெச்சிட்டு ஆம்பளைங்களுக்கு சேர் போட்டா எவ வாயத் திறப்பா. 501ல இருந்து 3000 பேர் வரைக்கும் இருக்கற ஊராட்சியில கோரம், அதாவது கூட்டம் செல்லணும்னா குறைஞ்சது வரவேண்டிய ஆளுங்க, 100 பேரு, அந்த நம்பரை ஒப்பேத்த மட்டும் பொம்பளைங்க வேணும். நேரத்தை மதியம் 3 மணிக்கு மாத்துங்கன்னு சித்தி கேட்டது எந்த தீர்மானத்துலயும் ஏறல.

மேல போகப் போக இன்னும் மோசம். நீலகிரி தொகுதியில 1962ல அக்கம்மா தேவி எம்பி ஆனாங்க, படுக சமூகத்துல டிகிரி முடிச்ச முதல் பெண். அப்புறம் 2024 வரைக்கும் எத்தனை தேர்தல் பாத்தாச்சு, இன்னொரு பெண் எம்பி வரல. சட்டசபைக்கு 2021ல 234 பேர்ல 12 பெண்கள். நாடாளுமன்றம், சட்டசபையில பெண்களுக்கு 33 சதவீத இடம்னு 2023ல பாஸான சட்டத்துலயும் மக்கள்தொகை கணக்கெடுப்பு, தொகுதி மறுவரையறை முடிஞ்சப்புறம் தான்னு எழுதி வெச்சிருக்காங்க. கட்டாயம்னு சட்டம் சொன்ன இடத்துல தான் எங்க சித்தி மாதிரி ஆளுக்கு மினிட்ஸ் புக் கைக்கு வந்துது, கட்சிக்காரங்க இஷ்டத்துக்கு விட்ட இடத்துல பன்னெண்டு பேரு. அதனால பொம்மைன்னு சொல்றவங்களோட இப்பல்லாம் நான் சண்டை போடறேன். பொம்மையா போனவங்களும் உண்டு, இல்லன்னு சொல்லல, ஆனா போகாம எப்படி பழகுறது?

2025 ஜனவரியில பதவிக்காலம் முடிஞ்சு, மெம்பர்ங்களுக்குப் பதிலா ஊராட்சியைப் பாத்துக்க அரசு போட்ட தனி அலுவலர் வந்துட்டாரு. ஆனா கம்பத்துல லைட்டு போச்சுன்னா இன்னமும் ஊர்க்காரங்க போன் லெட்டர் பேடுல இருந்த அதே நம்பருக்குத் தான் வருது. சித்தப்பா எடுத்து, "இரு, மெம்பர்கிட்ட குடுக்கறேன்"னு சித்தி கையில குடுத்துட்டு டீ குடிக்கப் போயிடறாரு.