காலில் டாட்டூவா? டிசைனுக்கு முன்னாடி காலண்டரைப் பாருங்க

காலில் டாட்டூ குத்திக்க வர்றவங்க முதல்ல செல்போனைத் திறந்து டிசைனைக் காட்டுவாங்க. ஆனா முதல்ல பார்க்க வேண்டியது டிசைன் இல்லீங்க, சுவத்துல தொங்குற காலண்டர். கையில குத்தினா மறுநாளே வேலைக்குக் கிளம்பிடலாம். கால் அப்படியில்ல. அடுத்த 3 வாரம் அந்தக் காலை எங்கே ஊனப் போறீங்க, எதுக்குள்ள நுழைக்கப் போறீங்க, எவ்வளவு நேரம் தொங்கப் போடப் போறீங்க, இதை வெச்சுத்தான் கோடு நிக்குமா கலையுமான்னு தெரியும்.

நம்ம கொங்குப் பக்கம் வருசம் பூரா வெறுங்காலுக்கு வேலை இருக்கு. தைப்பூசத்துக்குப் பழனி நடை, தை–மாசியில ஆனைமலை மாசாணியம்மன் குண்டம் (தீமிதி), வெயில் மாசங்கள்ல வெள்ளியங்கிரி ஏத்தம், பங்குனியில பண்ணாரி குண்டம், ஊர் நோம்பின்னா ராத்திரி ராத்திரி கம்பத்தைச் சுத்தி ஆட்டம், ஆடிப்பெருக்குக்குப் பவானி கூடுதுறையில முழுக்கு. பாதயாத்திரையோ மலையேத்தமோ இருந்தா அதுக்குக் குறைஞ்சது 6 வாரம் முன்னாடியே டாட்டூ முடிஞ்சிருக்கணும். ஆத்துல முங்குறதுக்கு 4 வாரம். குண்டம் இறங்குற வேண்டுதல் இருந்தா இந்தக் கணக்கே வேண்டாம். இறங்கிட்டு வந்து, காலில் கொப்புளம் இருந்தா அதுவும் ஆறின பொறவு குத்திக்கங்க. புதுத் தோலைச் சூட்டுல வைக்கக் கூடாது.

பருவமும் பார்க்கணும். சித்திரை வெயில்ல ஈரோடு, கரூர் பக்கம் செருப்புக்குள்ளயே கால் வேர்த்து ஊறிப்போகும். ஆனி, ஆடியில பாலக்காட்டுக் கணவாய் வழியா வர்ற காத்து பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம் பக்கம் புழுதியை வாரி இறைக்கும். ஐப்பசி, கார்த்திகையில சேறு. மழை விட்ட மார்கழிதான் காலுக்கு ஏத்த மாசம். விடிகாலையில வாசல்ல சாணி தெளிச்சுக் கோலம் போடுற வேலையை மட்டும் 3 வாரத்துக்கு வீட்டுல வேற யாராவது பார்த்துக்கட்டும்.

இடம் தேர்வுதான் அடுத்தது. கணுக்கால் எலும்புக்கு 2, 3 விரல்கடை மேலே குத்தினா நல்லா நிக்கும். புறங்கால் நடுப்பகுதியும் பரவாயில்ல. பாதத்தோட ஓரம், குதிகால், விரல் இடுக்கு மூணும் சந்தேகம். உள்ளங்கால் வேண்டவே வேண்டாம். காரணம் தோல்லயே இருக்கு. மை தங்குறது மேல்தோலுக்குக் கீழே இருக்கிற இரண்டாவது அடுக்குல. உடம்புல பெரும்பாலான இடத்துல மேல்தோல் 0.1 மில்லிமீட்டர் அளவுதான். உள்ளங்கால்ல அது 1.5 மில்லிமீட்டர் வரைக்கும் இருக்கும். ஊசி அந்தத் தடிப்பைத் தாண்டலைன்னா மை மேலேயே நின்னு, உரியுற தோலோட சில வாரத்துல போயிடும். தாண்டணும்னு அழுத்தினா ஆழம் தப்பிடும். காலைப் பக்கவாட்டுல திருப்பிப் பார்த்தா மேல்புறத்து மென்தோல் முடிஞ்சு, வெளுத்த தடிச்ச தோல் ஆரம்பிக்கிற ஒரு எல்லை தெரியும். டிசைன் அந்த எல்லைக்கு அரை அங்குலம் மேலேயே முடிஞ்சிடணும்.

புறங்கால்ல பிரச்சினை தலைகீழ். அங்கே தோல் மெல்லிசு, அடியில கொழுப்பு ரொம்பக் குறைவு, உடனே நரம்பும் எலும்பும்தான். ஊசி 1 முதல் 2 மில்லிமீட்டருக்குள்ள நிக்கணும். அதைத் தாண்டினா மை கீழே பரவிக் கோட்டைச் சுத்தி நீலமாப் புகை மாதிரி படரும். இதைத்தான் ப்ளோ-அவுட்னு சொல்றாங்க. பரவினது தானாப் போகாது. அதனால காலுக்கு வேகமா இழுக்கிற கை வேண்டாம். தோலை இறுக்கிப் பிடிச்சு, நிதானமா ஒரே இழுப்புல கோடு போடுறவங்களைத் தேடுங்க. ஏற்கெனவே காலில் குத்தி 1 வருசம் ஆன படங்களைக் கேட்டு வாங்கிப் பாருங்க. குத்தின அன்னிக்கு எடுத்த படம் எல்லாமே அழகாத்தான் இருக்கும்.

தமிழ் எழுத்துல பேர் குத்துறவங்க இதைக் கவனமா படிங்க. நம்ம எழுத்துல சுழி அதிகம். 'ண', 'ஞ', 'ஜ', 'ழ' எல்லாத்துலயும் உள்ளே சின்னச் சின்ன இடைவெளி இருக்கு. கோடு வருசம் ஆக ஆகக் கொஞ்சம் தடிக்கும். எழுத்து உயரம் 10 மில்லிமீட்டருக்குக் கீழே போனா 3, 4 வருசத்துல சுழி அடைஞ்சு வெறும் கறுப்புத் திட்டாயிடும். மெய்யெழுத்துப் புள்ளி இன்னும் மோசம். ஊசியை ஒரே இடத்துல நிறுத்திக் குத்துறதால மை அங்கேதான் முதல்ல பரவும். புள்ளியை எழுத்துக்கு ஒட்டி வைக்காம ஒரு கோட்டு அகலம் தள்ளி வைக்கச் சொல்லுங்க. புள்ளிக்கோலம் டிசைனுக்கும் இதே விதி. ஸ்டென்சில் (குத்துறதுக்கு முன்னாடி தோல்ல ஒட்டி எடுக்கிற டிசைன் அச்சு) ஒட்டினதும் நீங்களே எழுத்துக் கூட்டிப் படிங்க, கூட வந்தவங்களையும் படிக்கச் சொல்லுங்க. சாமி பேரு, சாமி உருவம், அப்பா அம்மா பேரு இதெல்லாம் காலுக்கு வேண்டாம். கால் படுறதை நம்ம வீடுகள்ல எப்படி எடுத்துக்குவாங்கன்னு உங்களுக்கே தெரியும். கைக்கு வெச்சுக்கங்க.

எந்தக் கால்? பைக் ஓட்டுறவங்களுக்கு இதுல தெளிவான பதில் இருக்கு. கியர் லீவர் இடது பக்கம். ஒவ்வொரு தடவை கியரைத் தூக்கும்போதும் லீவர் உரசுறது இடது புறங்கால்ல, கட்டைவிரலுக்குப் பின்னாடி இருக்கிற அதே இடத்துல. ஷூவோட மேல்தோலே அங்கே தேயும். வலது காலோ பிரேக்கை அடிப்பாதத்தாலதான் மிதிக்குது. அதனால புறங்கால் டாட்டூன்னா வலது கால். இடதுதான் வேணும்னா 3 வாரம் ஸ்கூட்டர், இல்லாட்டி பஸ். இன்னொரு சோதனையும் பண்ணுங்க. டிசைனைப் பேனாவால கால்ல வரைஞ்சு, நீங்க தினமும் போடுற செருப்பு, ஷூ, கொலுசு, மெட்டி எல்லாத்தோடயும் ஒரு நாள் முழுக்க நடங்க. சாயங்காலம் எந்த இடம் அழிஞ்சிருக்கோ அங்கேதான் ஆறாம இழுத்தடிக்கும். டிசைனை அரை அங்குலம் நகர்த்தினா போதும், பாதிச் சிக்கல் தீர்ந்துடும்.

சர்க்கரை இருக்கிறவங்க, காலில் மரமரப்பு இருக்கிறவங்க, நரம்பு சுருட்டிக்கிட்டவங்க டாக்டரைக் கேட்காம காலில் கை வைக்க வேண்டாம். இது கண்டிப்பாச் சொல்றதுங்க. ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடுறவங்க டாட்டூவுக்காக அதைத் தானா நிறுத்தக் கூடாது. கர்ப்பமா இருந்தா தள்ளிப் போடுங்க. தனுர்வாத ஊசி போட்டு 10 வருசம் தாண்டியிருந்தா ஒண்ணு போட்டுக்கங்க. கட்டுத்தறி, சாணம், வாய்க்கால்னு கால் புழங்குற ஊர்ல அது வீண் செலவு இல்ல. ரத்த தானம் கொடுக்கிற பழக்கம் இருந்தா முதல்ல கொடுத்துட்டு வாங்க. குத்தின பிறகு 12 மாசத்துக்கு வாங்க மாட்டாங்க. ராணுவத்துக்குத் தயாராகுற தம்பிகள் காலைத் தொடவே வேண்டாம், அங்கே முழங்கைக்குக் கீழே உள்பக்கமும் புறங்கையும் தவிர வேற இடத்துல நிரந்தர டாட்டூவுக்குப் பொதுவா அனுமதி கிடையாது.

கடையில பார்க்க வேண்டியது: ஊசி கார்ட்ரிட்ஜ் சீல் வெச்ச உறையில வந்து, உங்க கண்ணு முன்னாடி பிரியணும். உறையில காலாவதி தேதி இருக்கும். மை சின்னக் கிண்ணத்துல ஊத்தித் தொடணும், பாட்டில்ல நேரா முக்கக் கூடாது. கிண்ணத்துல மிச்சமானது குப்பைக்கு. கையுறையோட போனை எடுத்துட்டு அதே கையால உங்க காலைத் தொட்டா, மாத்தச் சொல்லுங்க. திரும்பப் பயன்படுத்துற உலோகப் பிடி இருந்தா அது ஆட்டோகிளேவ்ல (அழுத்த நீராவியில கிருமியைக் கொல்ற மெஷின்) 121 டிகிரியில 15 நிமிசமாவது வெந்திருக்கணும். வெறும் டெட்டால்ல முக்கி எடுத்தது கணக்குல வராது. திருவிழாக் கடையில, ரோட்டோரத்துல ஒரே ஊசியில வரிசையா குத்துறாங்கன்னா காசு கொடுத்தாலும் உட்காராதீங்க. மஞ்சள்காமாலை பி, சி, எச்.ஐ.வி. மூணும் அந்த ஊசி வழியா வரும்.

குத்துற அன்னிக்கு வயிறாரச் சாப்பிட்டுட்டு வாங்க. முந்தின நாள் தண்ணியடிக்காதீங்க. முடியை வீட்டுலயே மழிச்சுக் கீறல் போட்டுட்டு வராதீங்க, அவங்களே மழிப்பாங்க. ஸ்டென்சில் ஒட்டின பிறகு 10, 15 நிமிசம் காயட்டும். காலுக்கு வேர்க்கும், அவசரப்பட்டா கோடு அழிஞ்சிடும்.

இப்ப ஆற வைக்கிறது. முதல் 3 நாள் வீக்கம் வரும். சில பேருக்கு விரல் மடக்க முடியாத அளவு வீங்கும், கீழே இறக்கினா விண்ணு விண்ணுன்னு தெறிக்கும். ரத்தம் கீழ்நோக்கித் தேங்குறதால வர்றது அது. பயப்பட வேண்டாம், ஆனா மதிக்கணும். ஒரு நாளைக்கு 4, 5 தடவை, தடவைக்கு 20 நிமிசம், படுத்துக்கிட்டு காலை நெஞ்சு மட்டத்துக்கு மேலே தூக்கி வைங்க. ராத்திரி காலுக்கு அடியில 2 தலகாணி. கோயமுத்தூர்ல இருந்து சென்னைக்கு உட்கார்ந்தே போற பயணம் அந்த வாரம் வேண்டாம். திருப்பூர்ல செக்கிங் டேபிள்ல நாள் முழுக்க நிக்கிறவங்க, தறி ஓட்டுறவங்க சனிக்கிழமை சாயங்காலம் குத்திட்டு, திங்கள், செவ்வாய் லீவு சொல்லிடுங்க. சாயப்பட்டறையில ஈரத்துல நிக்கிற வேலைன்னா 3 வாரம் வேற வேலை மாத்தித் தரச் சொல்லுங்க. தர மாட்டாங்கன்னா காலை விட்டுட்டுக் கைக்குப் போங்க.

ஒட்டுற பிலிம் போட்டு அனுப்பினா, முதல் பிலிமை 24 மணி நேரத்துல எடுங்க. உள்ளே மையும் நீரும் கலந்து கறுப்பா தேங்கி நிக்கும், அது இயல்பு. கழுவிக் காயவெச்சு இரண்டாவது பிலிம் 3 முதல் 5 நாள். காலில் பிலிமுக்கு ஒரு பலவீனம் உண்டு. நடக்கும்போது மடிப்புல ஓரம் தூக்கும், வேர்வை உள்ளே போகும். ஓரம் திறந்ததும் முழுசா எடுத்துடுங்க, மேலே டேப் ஒட்டிச் சமாளிக்காதீங்க. விரல்ல பிலிம் நிக்கவே நிக்காது.

பிலிம் இல்லாட்டி ஒரு நாளைக்கு 2, 3 தடவை கழுவணும். கையை முதல்ல கழுவுங்க. வாசனை இல்லாத சோப்பை உள்ளங்கையில நுரைச்சு, விரல் நுனியால மட்டும் தேய்ங்க. அவிநாசி, பல்லடம் பக்கம் போர்த் தண்ணி உப்பா இருக்கும், காய்ஞ்சதும் தோல் வெள்ளை பூத்து இழுக்கும். கடைசி ஒரு சொம்பு, காய்ச்சி ஆறவெச்ச தண்ணியா ஊத்துங்க. டிஷ்யூ பேப்பரால ஒத்தி எடுங்க, துண்டு வேண்டாம். 10 நிமிசம் காத்தாட விட்டுட்டு, வாசனை இல்லாத மாய்ஸ்சரைசர் தடவணும். உள்ளங்கை அளவு டாட்டூவுக்குப் பச்சைப்பயறு அளவு போதும். மினுமினுன்னு தெரிஞ்சா அதிகம், ஒத்தி எடுத்துடுங்க. அப்பித் தடவினா தோல் ஊறிப் பொருக்கு இளகும், இளகின பொருக்கு மையையும் சேர்த்துக் கொண்டு போகும்.

மஞ்சள் பத்தி எல்லா வீட்டுலயும் ஒரு பேச்சு வரும். ஈரோட்டு மஞ்சளுக்கே 2019ல புவிசார் குறியீடு கிடைச்சிருக்கு, நம்ம பெரியவங்க காயத்துக்கு அதைத்தான் வைப்பாங்க. ஆனா அரைச்ச மஞ்சள்பொடி கிருமி நீக்கினது இல்ல. திறந்த தோல்ல பொடியோட துகள் ஒட்டிப் பொருக்கைத் தடிக்க வைக்கும். காலுக்கு மஞ்சள் பூசிக் குளிக்கிற பெண்கள் 3 வாரத்துக்கு அந்தக் காலை மட்டும் விட்டுடுங்க. தேங்காய் எண்ணெயும் அதுவரைக்கும் வேண்டாம். மெடிக்கல்ல கேட்டதும் எடுத்துக் கொடுக்கிற ஸ்டீராய்டு கலந்த கிரீமையும் தொடாதீங்க, ஆறுறதைத் தாமதமாக்கும். கத்திரிக்காய், கருவாடு தின்னா சீழ் பிடிக்கும்னு சொல்வாங்க. சாப்பாட்டைக் குறைக்க வேண்டாம், மாட்டுக் கட்டுத்தறிக்குள்ள கால் வைக்காம இருங்க. சீழ் வர்றது அங்கே இருந்துதான்.

முதல் வாரம் வீட்டுக்குள்ள, துடைச்ச தரையில வெறுங்கால். வெளியே போனா, வார் டாட்டூ மேல படாத அகலமான செருப்பு. கொலுசையும் மெட்டியையும் கழட்டி வெச்சுடுங்க. ஷூ 2 வாரம் கழிச்சு, வெள்ளைப் பருத்திச் சாக்ஸோட, கயிறு தளர்த்தி. சாக்ஸ் ஒட்டிக்கிச்சுன்னா இழுக்காதீங்க. காலோட சேர்த்து வெதுவெதுன்னு தண்ணி ஊத்தி 5 நிமிசம் ஊறவிட்டா அதுவே விடும். உலர்ந்தபடி இழுத்தா, சாக்ஸ்ல கோட்டோட அச்சு அப்படியே தெரியும். அந்த மை போனது போனதுதான்.

5ஆம் நாள்ல இருந்து 10ஆம் நாள் வரைக்கும் தோல் உரியும், அரிக்கும். சொறியாதீங்க, உள்ளங்கையால தட்டுங்க. உரிஞ்ச பிறகு மங்கலா, பளபளன்னு தெரியும். மேல்பகுதி ஆற 3, 4 வாரம், அடிவரைக்கும் ஆற 2, 3 மாசம்.

3 நாளைக்குப் பிறகு செவப்பு குறையாம விரிஞ்சா, தொட்டா சுட்டா, மஞ்சளா சீழ் வந்தா, தொடையிடுக்குல நெறி கட்டினா, காய்ச்சல் அடிச்சா, அன்னிக்கே டாக்டர்கிட்ட போங்க. செவப்பு எல்லையைப் பேனாவால சுத்திக் கோடு போட்டு வெச்சா, தாண்டுதான்னு சில மணி நேரத்துல தெரிஞ்சிடும். மேல்நோக்கிச் செவப்புக் கீத்து ஓடினா விடியுற வரைக்கும் காத்திருக்க வேண்டாம். செவப்பு மை போட்ட இடம் மட்டும் மாசக்கணக்கா தடிச்சு அரிச்சா அது ஒவ்வாமையா இருக்கலாம், தோல் டாக்டர் பார்க்கணும்.

காலில் டச்-அப் (விட்டுப்போன கோட்டை மறுபடி குத்துறது) இல்லாம முடியுறது குறைவு. எங்கெங்கே கோடு விட்டுப் போயிருக்குன்னு 8 வாரம் கழிச்சுப் பாருங்க, அதுக்கு முன்னாடி தோல் தயாராகாது. டச்-அப்புக்கும் மறுபடி அதே 3 வாரக் கணக்குதான், காலண்டரை இன்னொரு தடவை எடுங்க. பாத ஓரத்துல, குதிகால்ல இரண்டாவது தடவையும் மை நிக்கலைன்னா மூணாவது தடவை குத்தச் சொல்லாதீங்க. அங்கே மிஞ்சப் போறது தழும்புதான்.