பாம்பனில் ஒரு ஜப்பான் சாப்பாட்டுக்கடை: வடிவமைப்பு நாட்குறிப்பு

மே 19

ராமேஸ்வரம் போகும் சாலையில், பாம்பனில், ஜப்பானியச் சாப்பாட்டுக்கடை ஒன்று திறக்கப் போகிறது. ராமென் என்கிற நூடுல்ஸ் சூப், தகோயாகி, ஓனிகிரி என்கிற சோற்று உருண்டை என்று சின்னப் பட்டியல்தான். பெயர்ப்பலகையிலிருந்து பார்சல் பை வரை வரைந்து கொடுப்பது என் பொறுப்பு. நடத்துகிற அக்கா ஒசாகாவில் சமையல்கட்டில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர். திறக்கும்வரை கடைப் பெயரை வெளியில் சொல்ல வேண்டாம் என்றார். இங்கும் சொல்லப்போவதில்லை.

"பிள்ளைங்க பார்த்ததும் உள்ள ஓடியாரணும் தம்பி. டிராகன், விசிறி பிடிச்ச பொம்பளை, அதெல்லாம் வேணாம்" என்றார். எனக்கும் அதே எண்ணம். தூரிகையால் வெட்டி வெட்டி எழுதியது போல ஒரு எழுத்துரு எல்லாச் சைனீஸ் கடைப் பலகையிலும் இருக்குமே, அதன் மூலம் 1883-இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் வார்த்த அச்செழுத்து. ஜப்பானோடு அதற்கு எந்த உறவும் கிடையாது. இந்தக் கடையின் விளையாட்டு முழுக்க அக்காவின் அடுப்பிலிருந்தும் இந்தக் கரையிலிருந்தும் வரவேண்டும். கடைசி வரை இதை விடமாட்டேன்.

மே 22

சிவப்பு வட்டம் வேண்டாம் என்று முடிவு. ஜப்பான் என்றதும் எல்லோர் கையும் முதலில் போடுவது அதைத்தான். ஆனால் நம் ஊரில் உணவுப் பொட்டலத்தில் செம்பழுப்பு வட்டம் என்றால் அசைவம். சில ஆண்டுகளுக்கு முன் அதை முக்கோணமாக மாற்றிவிட்டார்கள். கண்ணுக்குப் பழகியது இன்னும் வட்டம்தான். கோயிலுக்குப் போகிற குடும்பம் அதைப் பார்த்ததும் வண்டியை நிறுத்தாமல் போய்விடும். அவர்களுக்கும் அக்கா ஒரு சைவக் கிண்ணம் வைத்திருக்கிறார்.

மே 27

இன்று முழுக்கப் பேய்க்கணவாய், அதாவது ஆக்டோபஸ். தகோயாகி என்பது அதன் துண்டை உள்ளே வைத்து, குழிக்கல்லில் சுட்டெடுக்கும் மாவு உருண்டை. 1930-களில் ஒசாகாவில் பிறந்தது. நம் பணியாரக் கல்லைக் காட்டினால் ஒசாகாக்காரருக்கே பாதி புரிந்துவிடும்.

அங்கே தகோயாகிக் கடைகளின் பேய்க்கணவாய் பொம்மை, முறுக்கிய துண்டை நெற்றியில் கட்டியிருக்கும். இங்கே வலை இழுப்பவர்களும் தலையில் துண்டு கட்டுகிறார்கள். இந்த ஒற்றுமை கிடைத்தபோது எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. அதன் கண்மணி வட்டமாக இல்லாமல் கிடைக்கோடாக இருக்கும், அப்படியே வரைந்தேன். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு கண் சொருகியது போல ஒரு முகம் வந்தது. பார்சல் பையில் வெளியே கைகள் மட்டும் தெரியும். மடிப்பைப் பிரித்தால்தான் முகம். எட்டுக் கையில் ஒன்று பில்லைப் பிடித்திருக்கும்.

ஜூன் 1

மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் ஏப்ரல் 15-லிருந்து கரையில். மராமத்தும் பெயின்ட் வேலையும் மும்முரம். படகுகளுக்குப் பெயர் எழுதும் அண்ணனிடம் வரைபடத்தைக் காட்டினேன்.

"ஃபிளெக்ஸ் போட்டுராத தம்பி, உப்புக்காத்து தின்னுரும். மரப்பலகை, எனாமல் ரெண்டு கோட்டு. பதினஞ்சாம் தேதி போட்டெல்லாம் கடலுக்குப் போனதும் வாரேன்."

படகின் முகப்பில் அவர் எழுதும் எழுத்துகளுக்கு வயிறு பருத்திருக்கும், அடியில் மஞ்சள் நிழல் விழும். தூரத்திலிருந்தே படிக்கலாம். இதைவிடக் குதூகலமான எழுத்தைக் கணினியில் தேடி நான் கண்டதில்லை. தமிழ்ப் பெயர் அவர் கையில் பெரிதாக. ஜப்பானிய எழுத்து கீழே சிறிதாக.

ஜூன் 5

வாசல் திரை. அங்கே அதற்கு நோரென் என்று பெயர். கீறல் விட்ட துணி. தொங்கினால் கடை திறந்திருக்கிறது, உள்ளே எடுத்துவிட்டால் அடைத்தாயிற்று. பரமக்குடியில் கைத்தறிப் பருத்தி சொல்லியிருக்கிறேன். காற்று தூக்கிவிடாமல் இருக்க அடிமடிப்பில் மூங்கில் குச்சி. வலைக்குண்டு கோக்கலாமே என்றார்கள்; அது ஈயம். பிள்ளைகள் கை படும் இடத்தில் கூடாது.

ஜூன் 9

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. மெனுவில் மீன் பெயரே அச்சடிக்கப் போவதில்லை. நாட்டுப்படகு என்ன கொண்டுவருகிறதோ அது. ஜப்பானில் கியோதாகு என்று ஒரு வழக்கம் உண்டு. மீனின் வழவழப்பைக் கழுவித் துடைத்து, மை தடவி, மெல்லிய தாளை வைத்துக் கையால் தேய்த்தால் செதில் செதிலாகப் பதியும். எடோ காலத்து மீன்பிடிகாரர்கள் பிடித்த மீனை இப்படித்தான் பதிந்து வைத்தார்கள். இன்று ஒரு நகரையும் பாரையும் எடுத்து, ஓட்டுக்கணவாயின் மையிலேயே பதித்துப் பார்த்தோம். பாரையின் பக்கக்கோடு வால் வரை துல்லியம். அந்த மை சாப்பிடக்கூடியது என்பதால் மீன் கழுவி அடுப்புக்குப் போனது.

கண் மட்டும் சரியாகப் பதியாது. பிறகு கையால்தான் வரைவார்கள். அந்த இடத்தைக் காலியாகவே விடுகிறோம். தினமும் காலையில் பதித்த தாள் சுவரில் தொங்கும். அன்றைக்கு முதலில் வரும் பிள்ளை கண் வரையும். தாள் அந்தப் பிள்ளைக்கு.

ஜூன் 12

சைவக் கிண்ணத்துக்குப் பச்சைக் குறி போடும் முன் அக்காவிடம் ராமென் குழம்பின் அடிநீர் எதைக் கொதிக்கவைத்து எடுத்தது என்று கேட்டேன். ஜப்பானில் காய்கறி ராமென் என்று எழுதியிருந்தாலும் அடிநீரில் கத்சுவோபுஷி இருக்கலாம். நம் மாசிக்கு நெருங்கிய சொந்தம், சூரை மீனைக் காயவைத்தது. இங்கே கொம்பு என்கிற கடற்பாசியும் ஷிடாகே காளானும் மட்டும், பானையும் தனி என்றார். அதன் பிறகுதான் பச்சை போட்டேன். முகம் எவ்வளவு சிரித்தாலும் குறி உண்மையாக இருக்க வேண்டும்.

ஜூன் 17

சொன்னபடி அண்ணன் வந்தார். வரைபடத்தைப் பார்த்து, "துண்டு முடிச்சப் பின்னால போடு தம்பி. முன்னால போட்டா வலையில மாட்டும்" என்றார். அக்கா விடவில்லை: "அங்க நெத்தியிலதான் அண்ணே முடிச்சு."

பலகைக்கு இரண்டு பக்கம் இருக்கிறது. மண்டபத்திலிருந்து வருகிறவர்களுக்கு முடிச்சு நெற்றியில், ராமேஸ்வரத்திலிருந்து திரும்புகிறவர்களுக்குப் பின்மண்டையில். இருவரும் சம்மதம். முதல் கோட்டு நீலம் காய்ந்துகொண்டிருக்கிறது. பை, மெனு இரண்டும் நாளை அச்சுக்கு.