ஜாடியின் காதில் குத்திய முத்திரை

முப்பது வருஷம் தபால் பிரிவில் முத்திரை குத்தியவன் நான். அதனால் பழைய முத்திரையின் படம் எதைப் பார்த்தாலும், எழுத்துக்கு முன்னால் குத்தியவனின் கைதான் எனக்குத் தெரியும். அவசரமா, அலுப்பா என்று பார்த்தவுடன் சொல்லிவிடலாம்.

இப்போது என்னைப் பிடித்திருப்பவை, எருசலேமைத் தலைநகராகக் கொண்ட பழைய யூதா நாட்டின் ஜாடிக் காதுகள், அதாவது கைப்பிடிகள். கி.மு. 8ஆம் நூற்றாண்டின் கடைசி, எசேக்கியா அரசரின் காலம். ஏறக்குறைய 45 லிட்டர் பிடிக்கும் ஜாடி, அதற்கு நான்கு காதுகள். சூளைக்குப் போகும் முன், மண் ஈரமாக இருக்கும்போதே காதில் முத்திரையை அழுத்திவிடுவார்கள். நடுவில் நான்கு சிறகுள்ள வண்டு அல்லது இரண்டு சிறகுள்ள சூரியன். மேலே ‘அரசருக்கு உரியது’ என்ற எபிரேய எழுத்து, கீழே ஓர் ஊர்ப் பெயர்: எபிரோன், சீப், சோக்கோ. நான்காவதாக வரும் ‘மமஷத்’ எந்த ஊர் என்பதில் அறிஞர்களுக்குள் இன்னும் வழக்கு ஓடுகிறது. ஊர் நான்கு என்றாலும் மண்ணைச் சோதித்தால் ஜாடிகள் ஒரே வட்டாரத்துச் சரக்கு!

வண்டு ஒரு காலம், சூரியன் வேறொரு காலம் என்றுதான் பலர் வாதாடினார்கள். கி.மு. 701இல் அசீரிய அரசர் சனகெரிப் எரித்த யூதாவின் லாகீஸ் நகரத்தைத் தொல்லியலாளர் டேவிட் உசிஷ்கின் தோண்டியபோது, அந்த ஒரே அழிவின் இடிபாடுகளில் இரண்டும் சேர்ந்தே கிடந்தன.

எனக்குச் சிரிப்பு வந்தது வேறு இடத்தில். அங்கே ஒட்டி எடுத்த ஜாடிகளில் பலவற்றுக்கு முத்திரையே கிடையாது. சிலவற்றுக்கு ஒரு காதில் மட்டும். பாதி எழுத்து விழாதது, மேலேயே மறுபடி குத்தியது என்று எல்லா வகையும் உண்டு. அரசாங்க வேலை அன்றைக்கும் அப்படித்தான் நடந்திருக்கிறது போலும்.

அப்புறம் காலம் மாறுகிறது. கி.மு. 7ஆம் நூற்றாண்டின் கடைசியில் முத்திரையில் வெறும் பூ வடிவம், எழுத்தே இல்லை. கி.மு. 586இல் பாபிலோன் எருசலேமை எரித்தது. அரசர் போனார், ஆனால் ஜாடிகளில் வரி வாங்குவது நிற்கவில்லை. அடுத்து சிங்க முத்திரை வந்தது, அதிலும் எழுத்து இல்லை. பாரசீகர் ஆட்சியில் எழுத்து திரும்பி வந்தபோது அரசர் இருந்த இடத்தில் ‘யெகூத்’ என்று யூதா மாகாணத்தின் பெயர். சிலவற்றில் ஆளுநர் பட்டமும் உண்டு. எருசலேமுக்குத் தெற்கே உள்ள ராமாத் ராகேலில் இந்தக் காதுகள் குவியலாகக் கிடைத்தன. எந்த ஆட்சி வந்தாலும் சரக்கு வந்து சேர்ந்த கிடங்கு அதுதான் என்று தோன்றுகிறது.

பிற்பாடு அந்தப் பெயரும் சில முத்திரைகளில் இரண்டே எழுத்தாகச் சுருங்கிவிட்டது. எங்கள் பிரிவிலும் முழுக் கையெழுத்தில் ஆரம்பித்து, ஓய்வு பெறும்போது ஒரே கீறலில் முடித்த ஒருவர் இருந்தார்.