மல்லாட்டை வேருக்கு முன்கூட்டியே ஒரு காவல்

விருத்தாசலம், பண்ருட்டிப் பக்கத்தில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, போடுகிறவர்களுக்கு வேரழுகலைப் பற்றிச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நேற்றுவரை பச்சையாக நின்ற செடி திடீரென வாடும். பிடுங்கிப் பார்த்தால் வேரின் பட்டை நாராக உரிந்திருக்கும். மேக்ரோபோமினா என்னும் பூஞ்சையின் வேலை இது. தண்டின் அடியில் வெள்ளை இழைகளாகப் படர்ந்து, கடுகளவு உருண்டைகளை விட்டுச்செல்வது ஸ்கிளிரோசியம் என்னும் வேறொரு பூஞ்சை. இரண்டுமே அறுவடைக்குப் பிறகும் மண்ணில் நெடுங்காலம் உறங்கிக் கிடக்கக்கூடியவை என்பதால், செடி வாடிய பின் மருந்துக்கு ஓடுவதில் பெரும்பாலும் பயனில்லை.

ஆனால் இவற்றை எதிர்க்க வல்ல பாக்டீரியாக்களும் மண்ணில்தான் வாழ்கின்றன. வேர் தன்னிடமிருந்து சர்க்கரைகளையும் கரிம அமிலங்களையும் ஓயாமல் கசியவிடுகிறது. அந்த உணவை நாடி நுண்ணுயிர்கள் மொய்க்கும் மெல்லிய மண்பகுதிக்கு 1904இல் ஜெர்மானிய அறிஞர் லோரன்ஸ் ஹில்ட்னர் 'ரைசோஸ்பியர்' என்று பெயரிட்டார். அங்கே இடம்பிடிப்பதில் வல்லது சூடோமோனாஸ் புளோரசன்ஸ் என்னும் பாக்டீரியா. வேரின் மேற்பரப்பில் அது முந்திக்கொண்டு குடியேறிவிட்டால், பின்னால் வரும் பூஞ்சைக்கு இடமும் உணவும் குறைகின்றன.

இதில் என்னை மிகவும் வியக்கவைப்பது இரும்புக்காக நடக்கும் போட்டி. நம் செம்மண்ணின் நிறமே இரும்பு ஆக்சைடால் வந்தது என்றாலும், அதில் பெரும்பகுதி நீரில் கரையாத வடிவில் இருப்பதால் உயிர்களுக்கு எளிதில் கிடைப்பதில்லை. சுண்ணாம்புத்தன்மை மிகுந்த நிலங்களில் தட்டுப்பாடு இன்னும் கடுமை. சூடோமோனாஸ் 'சிடரோபோர்' என்னும் பொருளைச் சுரந்து, கிடைக்கும் இரும்பைப் பற்றித் தன்னிடம் இழுத்துக்கொள்கிறது. இரும்பு கிடைக்காத பூஞ்சையின் வளர்ச்சி தடைப்படுகிறது. இதோடு, பூஞ்சையை நேரடியாகத் தாக்கும் எதிர்ப்பொருள்களையும் இதன் சில வகைகள் சுரக்கின்றன.

இன்னொரு பாதுகாப்பு செடிக்குள்ளேயே நிகழ்கிறது. நெதர்லாந்து ஆய்வாளர்கள் கார்னேஷன் என்னும் பூச்செடியின் வேரில் பாக்டீரியாவையும் தண்டில் வாடல்நோய்ப் பூஞ்சையையும் தனித்தனியே செலுத்திப் பார்த்தனர். இரண்டும் ஒன்றையொன்று தொடாதபோதும் நோய் குறைந்ததை 1991இல் வெளியிட்டனர். வேரில் தங்கிய பாக்டீரியா, செடி முழுவதையும் எதிர்ப்புக்கு ஆயத்தப்படுத்தியிருந்தது.

ஆகவே இது வருமுன் காக்கும் முறை; வாடிய செடியின் அடியில் கரைத்து ஊற்றிவிட்டுப் பலன் இல்லை என்பது இதற்கு நியாயமான சோதனை ஆகாது என்பதே என் உறுதியான கருத்து. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை, ஒரு கிலோ விதைக்கு 10 கிராம் சூடோமோனாஸ் தூளைக் கொண்டு விதை நேர்த்தி செய்வது. நிலத்தில் இடுவதானால் எக்டேருக்கு 2.5 கிலோவை 50 கிலோ மக்கிய தொழு உரத்துடன் கலந்து இட வேண்டும். தூளில் இருப்பவை உயிருள்ளவை. எனவே காலாவதித் தேதியைப் பார்த்து வாங்கி, வெயில் படாமல் நிழலில் வைத்து, ரசாயனப் பூஞ்சைக்கொல்லியுடன் கலக்காமல் பயன்படுத்த வேண்டும். மார்கழிப் பட்டத்துக்கு விதைப் பருப்பை உடைத்து எடுக்கும்போதே இதையும் வாங்கி வைத்துக்கொண்டால், முளைவேர் வெளிவரும் நாளிலேயே பாக்டீரியா அதன்மேல் குடியேறத் தொடங்கிவிடும்.