ஒத்தக்கடை கொட்டகையில் ஒரு பறக்கும் சீட்: நாலு மாதக் கணக்கு

கோபுரம் வளைந்தது. டிஸ்னி பூங்காவின் பறக்கும் சவாரி மாதிரி ஒன்றைக் கொட்டகையில் செய்கிற என் நாலு மாத வேலை போன வாரம் வரை முட்டி நின்ற இடம் இதுதான். இடது சீட்டில் உட்கார்ந்தால் வலப்பக்கமும், வலது சீட்டில் உட்கார்ந்தால் இடப்பக்கமும் வாழைத்தார் மாதிரி வளைந்தது. மீனாட்சி கோயில் தெற்குக் கோபுரம் ஏறக்குறைய 170 அடி. அதைப் படத்தில் கொண்டுவர நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

முதலில் இருந்து சொல்கிறேன். 2019-ல் சித்தப்பா மகன் வீட்டுக்குக் கலிஃபோர்னியா போயிருந்தபோது டிஸ்னி பூங்காவில் 'சோரின்' ஏறினேன். தெரியாதவர்களுக்காக: 87 பேரை வரிசை வரிசையாக உட்கார வைத்து, சீட்டோடு அப்படியே தூக்கி, கிட்டத்தட்ட 80 அடி அகலக் குழிவான திரைக்கு முன்னால் தொங்க விடுவார்கள். காலுக்குக் கீழே ஒன்றும் இருக்காது. படம் ஓடும், முகத்தில் காற்று அடிக்கும், இடத்துக்கேற்ற வாசம் வரும். 2001-ல் திறந்தபோது கலிஃபோர்னியா மேலே மட்டும் பறக்கிற படம். 2016-ல் உலகம் சுற்றுகிற புதுப் படம் வந்தது. நான் பார்த்தது புதுசு. நான் உட்கார்ந்தது ஓரம். முடியப் போகிற நேரத்தில் ஈஃபில் கோபுரம் வந்தது, வில்லாக வளைந்து.

வெளியே வந்து தம்பியிடம் சொன்னால், "நீ நடு பிளாக்ல முதல் வரிசை கேட்டிருக்கணும்ண்ணே" என்றான். அதைக் கேட்டு வாங்கவென்றே ஒரு கூட்டம் இருக்கிறதாம். நடுவில் உட்கார்ந்தால் கோடுகள் நேராக இருக்கும், முதல் வரிசை எல்லாருக்கும் மேலே போய்விடுவதால் அடுத்தவர் செருப்பு கண்ணில் தொங்காது. இந்த ரசிகர்களின் குறைப்பட்டியல் பெரியது. ஒரு காட்சியிலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது கம்ப்யூட்டர் பறவையோ மிருகமோ குறுக்கே வருவது பிடிக்கவில்லை, ஆரஞ்சுத் தோட்ட வாசத்தை எடுத்தது தப்பு, எல்லாவற்றுக்கும் மேலே, பழைய படமே தேவலை. அந்தப் பழைய படத்தை அதற்குப் பிறகும் அவ்வப்போது கொஞ்ச நாளைக்கு அங்கே திரும்பப் போட்டிருக்கிறார்கள். 'நம்ம காலத்துப் பாட்டு மாதிரி வருமா' என்கிற வகைப் புலம்பல் என்றுதான் அன்றைக்கு நினைத்தேன்.

ஊருக்கு வந்த பிறகும் மனசில் ஓடிக்கொண்டே இருந்தது. இந்த சவாரியின் தூக்குகிற அமைப்பை மார்க் சம்னர் என்ற பொறியாளர் 1996-ல் ஒரு விடுமுறையின்போது, சின்ன வயசில் விளையாடிய இரும்புப் பட்டை-நட்டு-போல்ட் செட்டை எடுத்து மாதிரி செய்து காட்டினார் என்பது ஊரறிந்த கதை. அவர் அந்த செட்டில் தொடங்கினால், நான் பழைய இரும்புக் கடையில் தொடங்கக்கூடாதா?

ஆளைத் தூக்குகிற ஆசையை முதல் வாரமே விட்டுவிட்டேன். தகரக் கொட்டகைக் கூரையில் ரெண்டு பேரைத் தொங்கவிட எனக்குத் தைரியம் இல்லை. அதற்குப் பதில் முன்பின், இடவலம் என்று ரெண்டு பக்கம் மட்டும் சாய்கிற சீட். பழைய ஆம்னி வேனின் ரெண்டு சீட், அதற்கு அடியில் நடுவில் எந்தப் பக்கமும் சாய விடுகிற ஒரு யுனிவர்சல் ஜாயின்ட், பின்னால் ரெண்டு லாரி வைப்பர் மோட்டார். மோட்டார் எந்தக் கோணத்தில் நிற்கிறது என்று சொல்ல ஒவ்வொன்றுக்கும் ஒரு பொட்டென்ஷியோமீட்டர், கட்டுப்படுத்த ஆர்டுயினோ என்கிற குட்டிக் கம்ப்யூட்டர் போர்டு. சின்னச் சின்ன எலெக்ட்ரானிக்ஸ் சாமான் எல்லாம் டவுன் ஹால் ரோட்டில் அலைந்து வாங்கியது. வைப்பர் மோட்டாருக்கு ரெண்டு ஆள் எடை ஆகாது. எடையைத் தாங்க நாலு பக்கமும் பழைய பைக் ஷாக் அப்சார்பர் கொடுத்த பிறகுதான் மூச்சுவிட்டது. மோட்டார் வேலை சாய்ப்பது மட்டும்தான், சுமப்பது இல்லை. இதைப் புரிந்துகொள்ள ஒரு மோட்டாரைப் புகைய விட்டேன்.

ஒருநாள் பொட்டென்ஷியோமீட்டரைப் பிடித்திருந்த ஸ்க்ரூ கழன்றுவிட்டது. மோட்டார் சுற்றிக்கொண்டே இருக்க, தான் சுற்றுவதே அதற்குத் தெரியவில்லை. சீட் ஒரு பக்கமாகப் போய் மோதி நின்றது. நல்லவேளை, மேலே இருந்தது ஒரு அரிசி மூட்டை. மறுநாளே லேத் பட்டறை அண்ணன் ரெண்டு முனையிலும் இரும்புத் தடுப்பு வைத்துக் கொடுத்தார். கைக்கெட்டும் தூரத்தில் சிவப்பு ஸ்விட்சும் வந்தது. இதைப் படித்துவிட்டு யாராவது செய்யப் போனால், சிவப்பு ஸ்விட்சை முதலில் வாங்குங்கள்.

திரைதான் இதில் எனக்குப் பிடித்த பகுதி. மதுரையில் எதற்குப் பஞ்சம் வந்தாலும் ஃப்ளெக்ஸுக்கு வராது. சொந்தக்காரர் வீட்டுக் காதணி விழா பேனர், 12 அடி நீளம், சும்மா சுருட்டிக் கிடந்தது. அதன் பின்பக்கம் நல்ல வெள்ளை. பிவிசி பைப்பை அரைவட்டமாக வளைத்து, பின்பக்கம் நம்மைப் பார்க்கிற மாதிரி இழுத்துக் கட்டினேன். பழைய புரொஜெக்டரைத் தலைக்கு மேலே ஏற்றினேன். முதல் ஓட்டத்தில் யானைமலை அருமையாக வந்தது. மலையைத் தாண்டி வானம் வந்ததும் அதில் மீசை முறுக்கிய ஏழெட்டுப் பேர் கும்பிட்டபடி நின்றார்கள். பின்னால் ஜன்னல் வெளிச்சம் பேனரை ஊடுருவுகிறது! தாய்மாமன்கள் மேகத்துக்குள் மிதப்பதைப் பார்த்து அப்பத்தா பதறிப்போனார், ஏனென்றால் அதில் ஒருத்தர் இப்போது உயிரோடு இல்லை. அன்றே ஜன்னலைச் சாக்குப் போட்டு மூடினேன்.

படம் எப்படி என்று கேட்பீர்கள். கோயில் பக்கம் ட்ரோன் விட முடியாது. அதனால் செயற்கைக்கோள் படத்தை நிலத்தின் மேடுபள்ளத்தில் போர்த்தி, ப்ளெண்டர் என்கிற 3டி மென்பொருளில் கேமராவைப் பறக்கவிட்டேன். நாலு நிமிஷம்: யானைமலை, அழகர்மலை, வைகை, தெப்பக்குளம், கடைசியில் கோயில். கோபுரத்தை நானே கட்டினேன். சுதைச் சிற்பம் வைக்கப் பொறுமை இல்லை. வடக்குக் கோபுரத்துக்கே மொட்டைக் கோபுரம் என்றுதானே பேர். என்னுடையதில் எல்லாமே மொட்டை.

அப்புறம் ஒவ்வொருத்தராக உட்கார வைத்தேன். நோட்டில் எல்லார் சொன்னதையும் எழுதினேன். பொடியன்கள் எல்லாரும் சொன்னது ஒன்றே: இன்னும் நல்லாக் குலுக்குங்க. அதைச் செய்யவில்லை. செய்திருந்தால் பெரியவர்கள் யாரும் ரெண்டாம் தடவை ஏறியிருக்க மாட்டார்கள். ஏற்கெனவே அத்தைக்குக் குமட்டல் வந்துவிட்டது.

குமட்டல் ஏன் என்று தேடியதில் ரெண்டு வாரம் போனது. கண் ஒன்று சொல்ல, காதுக்குள் இருக்கிற சமநிலை உறுப்பு வேறொன்று சொன்னால் வயிறு கலங்கும். என் சீட் படத்துக்குப் பின்தங்கி ஆடுகிறதோ என்று சந்தேகம். போனில் 240 ஃபிரேம் ஸ்லோமோஷனில் திரையையும் சீட்டையும் சேர்த்துப் பிடித்து எண்ணினேன். படம் சாய்ந்து 48 ஃபிரேம் கழித்துத்தான் சீட் அசைகிறது. அதாவது 200 மில்லிசெகண்ட். கம்ப்யூட்டர் விளையாட்டில் இதைக் குறைக்கத் தலைகீழாக நிற்க வேண்டும், ஏனென்றால் ஆட்டக்காரர் அடுத்து என்ன செய்வார் என்று மெஷினுக்குத் தெரியாது. எனக்கோ படம் முன்பே தயார். சீட்டுக்குப் போகிற எண்களை 200 மில்லிசெகண்ட் முன்னாடித் தள்ளினேன், வேலை முடிந்தது. ஒரு வரி மாற்றம். ரெண்டு வாரம் கழித்துத் தோன்றிய ஒரு வரி.

அத்தைக்குச் சரியானது. பக்கத்து வீட்டு மாமாவுக்குச் சரியாகவில்லை. இருபது வருஷத்துக்கு மேல் மலைப் பாதையில் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானல் ஏறுகிற ஒவ்வொரு வளைவும் அவர் இடுப்புக்குத் தெரியும். இறங்கினதும் சொன்னார்: "மாப்ளே, வளைவுல உடம்பு வெளிய போகணும்யா. நீ உள்ளாற தள்ளுற."

முதலில் எனக்குச் சிரிப்பு. பஸ் வேறு, விமானம் வேறு. விமானம் உள்பக்கம் சாய்ந்துதான் திரும்பும். ஆனால் ராத்திரி படுத்து யோசித்தால், அவர் பிடித்த பிழை பிழைதான். விமானம் சரியாகச் சாய்ந்து திரும்பும்போது உள்ளே இருக்கிறவர் எந்தப் பக்கமும் சரிய மாட்டார். எடை நேராக சீட்டுக்குள்தான் அழுத்தும். தட்டில் இருக்கிற தண்ணீர்கூட சிந்தாது. என் சீட்டோ தரையில் நின்றபடி பத்து நொடி இடப்பக்கம் சாய்ந்தே கிடக்கிறது. ஆள் இடப்பக்கம் வழுக்குகிறார். அவர் கேட்டபடி வெளிப்பக்கம் தள்ளியிருந்தால் அது பஸ்ஸாகிவிடும். சரி என்பது ரெண்டுக்கும் நடுவில்: திருப்பம் ஆரம்பிக்கும்போது மட்டும் சட்டென்று கொஞ்சம் சாய்ந்து காதுக்குச் சேதி சொல்லிவிட்டு, அப்புறம் உட்கார்ந்திருப்பவருக்கே தெரியாத மெதுவில் சீட் நேராகிவிட வேண்டும். விமானிகள் பழகுகிற சிமுலேட்டர்களிலும் இதுதான் வழக்கம், வாஷ்அவுட் என்பார்கள். கண் படத்தில் சாய்ந்துகொண்டே இருப்பதால் உடம்பும் சாய்ந்தே இருப்பதாக நம்பிவிடுகிறது. மாற்றிவிட்டு மாமாவை மறுபடி ஏற்றினேன். ஒன்றும் சொல்லாமல் ரெண்டு தடவை பார்த்தார். அதுவே பாஸ் மார்க்.

சாய்வின் அளவையும் பாதியாகக் குறைத்துவிட்டேன். பொடியன்களுக்கு மட்டும் இதில் வருத்தம்.

வாசத்துக்கு வருவோம். சோரினில் தாஜ்மகால் வரும்போது பூ வாசம் விடுவார்கள். மதுரைக்கு மல்லியை விட்டால் வேறென்ன? முதலில் கடையில் விற்கிற மல்லி வாச ஸ்ப்ரே. வைகைக்குப் போகும்போதும் மல்லி, தெப்பக்குளத்திலும் மல்லி, மறுநாள் காலை கொட்டகையைத் திறந்தாலும் மல்லி. ஃப்ளெக்ஸில் ஒட்டிக்கொண்டு போகவே மாட்டேன் என்றது. அப்பத்தா ஒரே வரியில் முடித்தார்: "தூரத்துல இருக்கிற பூ இப்படியா மணக்கும்? கொண்டையில வச்ச மாதிரில்ல இருக்கு."

இப்போது நிஜப் பூ. மாட்டுத்தாவணி மார்க்கெட்டில் காலையில் வாங்கின மொட்டு, ஈரத்துணி சுற்றி மூடி போட்ட டப்பாவில், ஃபேனுக்கு முன்னால். சாயந்திரம் மொட்டு அவிழ்கிற நேரத்தில்தான் ஓட்டம். கோயில் காட்சிக்குப் பத்து நொடி முன்பு நூலை இழுத்தால் மூடி திறக்கும், காற்று எடுத்துக்கொண்டு வரும். மூடினால் போய்விடும். ஸ்ப்ரேயில் பத்தில் ஒரு பங்கு வாசம்கூட இல்லை, ஆனால் மூக்கு அதைத் தேடிப் போகிறது. என்னைக் கேட்டால், மோட்டார், ஆர்டுயினோ எல்லாவற்றையும்விட இந்த நூல்தான் பறக்க வைக்கிறது. மல்லி விலை ஏறுகிற நாளில் மட்டும் ஓட்டம் இல்லை.

இனி கோபுரம். குழிவான திரையில் வருகிற படம் ஒரே ஒரு இடத்திலிருந்து பார்த்தால்தான் சரியாக இருக்கும். அந்த இடம் என் பெஞ்சில் ரெண்டு சீட்டுக்கும் நடுவே, அதாவது யாருமே உட்காராத இடத்தில் இருக்கிறது. புரொஜெக்டர் கோணம், பிவிசி பைப்பின் வளைவு எல்லாம் மாற்றிப் பார்த்தேன். ஒரு சீட்டுக்கு நேராக்கினால் அடுத்ததுக்கு இன்னும் மோசம். தெப்பக்குளத்துக் கரையும் வளைகிறது, என்ன, தண்ணீர் என்பதால் யாரும் கண்டுகொள்ளவில்லை.

யானைமலை மட்டும் எந்த சீட்டிலிருந்து பார்த்தாலும் யானைமலையாகவே இருந்தது. அழகர்மலையும் வைகையும் அப்படித்தான். மலைக்கு நேர்கோடு கிடையாது. கொஞ்சம் வளைந்தால் அது வேறொரு பக்கத்திலிருந்து பார்த்த மலை, அவ்வளவுதான். கோபுரம் எப்படி நிற்கும் என்பது பிறந்ததிலிருந்து கண்ணுக்குத் தெரியும், ஒரு விரற்கடை வளைந்தாலும் விடாது.

அப்போதுதான் அந்தப் பழைய படப் புலம்பல் ஞாபகம் வந்தது. கலிஃபோர்னியா படத்தில் இருந்ததெல்லாம் பெரும்பாலும் ஆறு, பள்ளத்தாக்கு, ஆரஞ்சுத் தோட்டம், பாலைவனம், கடல். புதுப் படத்தில் ஈஃபில், தாஜ்மகால், பிரமிடு என்று மனுஷன் கட்டினது ஒன்றன்பின் ஒன்றாக வருகிறது. பழையது நல்லது என்று சொன்னவர்களில் பாதிப்பேர் ஏக்கத்தில் சொல்லியிருக்கலாம். ஆனால் ஓர சீட்டில் உட்கார்ந்தவர்கள் சொன்னதில் கணக்கும் இருந்திருக்கிறது. நான்தான் அதைப் பாட்டுக் கச்சேரி விமர்சனம் மாதிரி ஒதுக்கிவிட்டேன்.

கோபுரத்தை எடுத்துவிடலாம் என்று வீட்டில் சொல்லிப் பார்த்தேன். "மதுரைப் படத்துல கோபுரம் இல்லையா?" என்று அத்தை கேட்ட கேட்டில் அந்தப் பேச்சே அடங்கியது. ஆகவே போன வாரம் கேமராவின் வழியை மாற்றினேன். கோபுரத்தை உரசிக்கொண்டு போகிற காட்சி போய்விட்டது. இப்போது கிழக்கிலிருந்து, வீட்டுக் கூரைகளுக்கு மேலே, நாலு கோபுரமும் திரையின் நடுவில் விரல் உயரத்தில் தெரியும். அங்கேயே மல்லி வாசம் வரும். கோபுரம் பெரிதாவதற்குள் படம் மேகத்துக்குள் போய்விடும். விரல் உயரத்தில் வளைவு தெரியவில்லை. இடது சீட், வலது சீட் ரெண்டிலும் மாறி மாறி உட்கார்ந்து பார்த்துவிட்டேன்.

மேகத்தில்தான் புதுச் சிக்கல். சாக்கு இத்துப்போய், தாய்மாமன்கள் மறுபடி லேசாக எட்டிப் பார்க்கிறார்கள். பேனரையே மாற்றிவிடலாம் என்று நேற்று ஃப்ளெக்ஸ் கடைக்குப் போனேன். 12-க்கு 8, பிரிண்ட் எதுவும் வேண்டாம், வெறும் வெள்ளை என்றேன். கடைப் பையன் என்னை ஏற இறங்கப் பார்த்தான்.

"ஒரு போட்டோ கூடவா வேணாம்ண்ணே?"