ஜூன் 1 பிறந்தநாள்காரர்கள்

எனக்குப் பிறந்தநாள் ஜூன் 1. நான் வளர்ந்த குழந்தைகள் இல்லத்தில் இன்னும் எட்டுப் பேருக்கு அதே தேதிதான். பள்ளியில் சேர்த்த அன்று ஹெட்மாஸ்டர் ஆளைப் பார்த்து, பல்லைப் பார்த்து, குத்துமதிப்பாகப் போட்டது. வயதில் சந்தேகம் வந்தால் சட்டம் முதலில் கேட்பதும் அந்தப் பள்ளிச் சான்றிதழைத்தான். எலும்புப் பரிசோதனையெல்லாம் கடைசி.

அந்தக் கணக்குப்படி 18 முடிந்த மறுநாள் தகரப் பெட்டியோடு ரோட்டில் நின்றேன். மூடியில் வெள்ளை பெயிண்டில் 17, என் நம்பர். உள்ளே மூன்று சட்டை, டி.சி., மார்க் ஷீட். வார்டன் ஐயா நல்ல மனுஷர். கையில் 500 ரூபாய் வைத்து, "இனி நீதான்டா பார்த்துக்கணும்" என்றார்.

அது முழு உண்மை இல்லை என்று எனக்குத் தெரியும்போது வயது 24. வேலூர் சத்துவாச்சாரியில் ஒரு வக்கீல் அக்கா வீட்டில் ஃபேன் மாட்டிக்கொண்டிருந்தேன். பேச்சுவாக்கில் இல்லத்தில் வளர்ந்தவன் என்றேன். "பிற்காப்பு வாங்கினியா?" என்றார். சாப்பிடுகிற பொருளோ என்று நினைத்தேன்.

2015ஆம் வருஷத்து இளைஞர் நீதிச் சட்டம், 46ஆவது பிரிவு. 18 முடிந்து இல்லத்தைவிட்டுப் போகிறவர்களுக்குப் பண உதவி கொடுக்கலாம் என்கிறது. அதற்குப் பெயர்தான் பிற்காப்பு. 21 வயது வரை, தேவைப்பட்டால் 23 வரை. இப்போது மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தில் மாதம் 4,000 ரூபாய். விதிகளில் ஆறு முதல் எட்டுப் பேர் சேர்ந்து தங்க வீடு, தொழில் பழகும்போது உதவித்தொகை என்றுகூட இருக்கிறது. நான் அந்த வயதில் காட்பாடியில் கடை மாடியில் படுத்திருந்தேன். சரி, விடுங்கள்.

குடியாத்தத்தில் லுங்கி நெய்கிற அண்ணன் ஒருவர், வளர்ப்புப் பராமரிப்பில், அதாவது பெற்றவர்களிடம் இருக்க முடியாத பிள்ளையைத் தன் வீட்டில் வைத்து வளர்க்கிற ஏற்பாட்டில், பிள்ளை எடுத்தால் சொந்தப் பிள்ளை ஆகிவிடுமா என்று கேட்டார். ஆகாது அண்ணே, தத்து வேறு. இதற்கு அந்தச் சட்டப்படி மாவட்டத்தில் இருக்கிற குழந்தைகள் நலக் குழு ஆணை போட வேண்டும். குழு தடுக்காதவரை பெற்றவர்கள் வந்து பார்க்கலாம்.

இப்போது என் கவலை இல்லத்துத் தம்பி ஒருவன். பெயர் சொல்லமாட்டேன், சட்டமும் சொல்லக்கூடாது என்கிறது. அவனுக்கும் ஜூன் 1தான். வருகிற ஜூனில் 18. ஒவ்வொரு பிள்ளைக்கும் தனிநபர் பராமரிப்புத் திட்டம் என்று ஒரு தாள் எழுத வேண்டும். வெளியே போனபின் எங்கே தங்குவான், என்ன படிப்பான் என்பது அதில் இருக்க வேண்டும்.

"உன் தாளைப் பார்த்தியாடா?"

"கையெழுத்துப் போட்டேன் அண்ணா."

"என்ன எழுதியிருக்கு?"

"படிக்கலை. வரிசையில நின்னோம்."

திங்கள்கிழமை கலெக்டர் ஆபீசில் குறைதீர்வு நாள். அவனுக்குப் பிற்காப்பு கேட்டு மனு நானே எழுதிவிட்டேன். வேலைக்கு லீவு சொல்லியாச்சு. அவன் கேட்பது ஒன்றுதான்: 17ஆம் நம்பர் பெட்டி வேண்டுமாம். புதுப் பை வாங்கித் தருகிறேன் என்றேன். கேட்கிற மாதிரி இல்லை.