களரியைச் சுற்றிவர ஆட்கள்

பெப்ரவரி 22, 2025

இன்றைக்குச் சட்டம் கொடுத்தார்கள்; யாருக்கு எந்த வேடம் என்று தீர்த்து, பாட்டுக் கொப்பியைக் கையில் தருவதைத்தான் அப்படிச் சொல்வோம். எனக்குத் தருமர். வடமோடிக் கூத்து, எங்கள் மட்டக்களப்புப் பக்கம் விடிய விடிய ஆடுகிற பாட்டுநாடகம்; பாரதக் கதை. கொப்பியை நீட்டும்போது, கூத்தைப் பழக்குகிற அண்ணாவியார் ஒன்றும் சொல்லவில்லை. பக்கத்தில் நின்ற, ஏடு பார்த்துப் பாட்டெடுத்துக் கொடுக்கிற ஏட்டண்ணாவியார்தான், "உங்கட அப்பா கட்டின தருமர், மனே" என்றார்.

அப்பா ஆடி நான் பார்த்ததில்லை. நான் வளர்ந்த காலத்தில் எங்கள் ஊரில் விடியும்வரை கூத்துப் போட வழியில்லை. சண்டைக்காலம். வீட்டில் அவர் பாடக் கேட்டதுண்டு, அவ்வளவுதான். ஆனால் வாவிக்கு மேற்கே, எங்கள் படுவான்கரைப் பக்கம் வயது போனவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு அந்தத் தருமரைத் தெரியும். அவருடைய குரல் கோயில் வீதியைத் தாண்டிப் போகுமாம். என்னுடையது மெல்லிய குரல்.

மார்ச் 8

வெள்ளிக்கிழமை பின்னேரம் டவுனில் வேலை முடிந்து மண்முனைப் பாலத்தால் ஊருக்கு வருகிறேன். சனி இரவு கிழமைக்கூத்து, கிழமைக்கொருமுறை பழகுவது. அண்ணாவியார் வாயால் தாளக்கட்டுச் சொல்ல, காலை வைக்க வேண்டும். வீட்டு முற்றத்தில் தனியே ஆடும்போது எல்லாம் சரியாகத்தான் வருகிறது. பழக்கம் பார்க்க ஊர்ச்சனம் வந்து குந்தியதும் தொண்டை அடைத்துவிடுகிறது. பாட்டு தெரியும், அடுத்த அடியும் தெரியும், வாய்தான் திறக்காது. வேறொருவருக்கு இந்த வேடத்தைக் கொடுக்கச் சொல்லிக் கேட்போமா என்று இரண்டு நாளாக யோசிக்கிறேன்.

மார்ச் 16

என்னைப் பயமுறுத்துவது நாங்கள் ஆடும் களரியின் அமைப்பு என்றே நினைக்கிறேன். 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் எங்கள் கூத்தைப் பேராதனைப் பல்கலைக்கழகத்துக்குக் கொண்டுபோய், விடிய விடிய ஆடுவதைச் சுருக்கி, ஒருபக்கம் மட்டும் திறந்த படச்சட்ட மேடையில் ஏற்றினார். அந்த மேடையில் ஆடுகிறவனுக்கு ஒரு பின்பக்கம் இருக்கிறது. வியர்த்தால் திரும்பித் துடைக்கலாம். வட்டக்களரியில் அது கிடையாது. நடுவில் மத்தளமும் சல்லரித் தாளமும் பிற்பாட்டுக்காரரும், அவர்களைச் சுற்றி நாங்கள், எங்களைச் சுற்றிச் சனம். எந்தப் பக்கம் கிறுகினாலும் ஒரு சோடிக் கண் என்மேல்தான்.

மார்ச் 23

இதைப்பற்றி வாசித்துக்கொண்டிருந்தேன். 2000ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகத்தின் தாமஸ் கிலோவிச்சும் கூட இருந்தவர்களும் வெளியிட்ட ஆய்வு ஒன்று. வெட்கப்படவைக்கும் படம் போட்ட டீசேர்ட்டை ஒரு மாணவனுக்கு அணிவித்து, மற்ற மாணவர்கள் இருக்கும் அறைக்குள் அனுப்பினார்கள். எத்தனை பேர் படத்தைக் கவனித்திருப்பார்கள் என்று கேட்டபோது, ஏறக்குறையப் பாதிப் பேர் என்றே போட்டவர்கள் நினைத்தார்கள். உண்மையில் கவனித்தவர்கள் காற்பங்கு அளவில்தான்.

2003இல் கென்னத் சவிட்ஸ்கியும் கிலோவிச்சும் வெளியிட்டது இன்னும் எனக்குக் கிட்டியது. மேடைப்பேச்சுக்கு முன்னர், "உங்கள் உள்நடுக்கம் நீங்கள் நினைக்கிற அளவுக்கு வெளியில் தெரியாது" என்று சிலருக்கு விளக்கினார்கள். அதைக் கேட்டவர்கள் மற்றவர்களைவிட நன்றாகப் பேசினார்கள். கேட்டுக்கொண்டிருந்தவர்களும் அப்படித்தான் மதிப்பிட்டார்கள்.

வாசிக்கும்போது மனம் ஒத்துக்கொள்கிறது. சனிக்கிழமை கால்கள் ஒத்துக்கொள்ளுமா தெரியாது.

ஏப்ரல் 6

நேற்றுப் பக்கத்து ஊரில் அரங்கேற்றம். என்னைப் போகச் சொன்னதே அண்ணாவியார்தான். "போய்ப் பாயில இரு மனே. ஆடுறவனப் பார்க்காத. பார்க்கிற சனத்தப் பாரு."

அப்படியே செய்தேன். பெண்கள் பக்கத்து ஓரமாக, ஒரு ஆச்சியின் பாய்க்குப் பக்கத்தில் இடம் கிடைத்தது. இவ்வளவு காலமும் நான் கற்பனை செய்துவைத்திருந்த சபை அங்கே இருக்கவில்லை. ஒருவர் கச்சான் கடலை உடைத்துக்கொண்டிருந்தார். தாய் ஒருத்தி மடியில் தூங்கிய பிள்ளைக்கு நுளம்பு விரட்டிக்கொண்டிருந்தாள். இரண்டு பேர் நெல் விலையைப்பற்றிக் குசுகுசுத்தார்கள். போருக்கு வேடக்காரர் களரிக்குள் வரும் வரவுக்கு மத்தளம் ஏறியதும் அத்தனை பேரும் நிமிர்ந்தார்கள். கச்சான் உடைத்தவரின் கை அப்படியே நின்றது. நன்றாக வரவேண்டும் என்ற ஆசைதான் அந்த முகங்களில் இருந்தது. பிழை பிடிக்கவென்று வந்த ஒருவரையும் நான் காணவில்லை.

நடுச்சாமம் தாண்டி, ராசா வேடக்காரர் பாட்டில் ஒரு அடியை விட்டுவிட்டார். எனக்கு நெஞ்சு பதறியது. அந்த ஊர் அண்ணாவியார் மத்தளத்தில் இன்னொரு சுற்று வாசித்தார், பிற்பாட்டுக்காரர் அடியை எடுத்தார்கள், என் பக்கத்து ஆச்சியும் வெற்றிலை மென்றபடியே அதைப் பாடினார். ராசா கிறுகி வந்து சேர்ந்துகொண்டார்.

"ஆச்சி, அவர் பாட்ட விட்டத்தக் கண்டீங்களா?"

"எந்தப் பாட்டு?"

பிறகு, "நீ ஆர்ர மகன்?" என்று கேட்டார். சொன்னேன். அப்பாவின் தருமரைப் பார்த்திருக்கிறாராம். இனி என்ன வரும் என்று எனக்குத் தெரியும் என்றே நினைத்தேன். ஆனாலும் கேட்டேன், அப்பா எப்படி ஆடினார் என்று. ஆச்சி கொஞ்சம் யோசித்தார்.

"ஆடினது நினைவில்ல மனே. சூதில எல்லாத்தையும் தோத்துப்போட்டு தருமர் நிண்டாரே, அதுதான் நினைவு. நான் அழுதுட்டன்."

விடியும்வரை அந்தப் பாயிலேயே இருந்தேன். அப்பாவுக்கும் எனக்கும் நடுவில் நான் நட்டுவைத்திருந்த தராசு இந்த ஆச்சியிடம் இல்லை. அவருக்கு வேண்டியது தருமர். அப்பா அதைக் கொடுத்திருக்கிறார். என்னால் கொடுக்க முடியுமா என்பதுதான் இனிக் கேள்வி. இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு வேலை செய்யலாம்.

ஏப்ரல் 26

சித்திரை வருசத்துக்குப் பிறகு பழக்கம் மும்முரம். மெல்லிய குரலைப்பற்றி அண்ணாவியாரிடம் வாய்விட்டே கேட்டேன். தோற்று நிற்கிற இடத்தில் தருமர் கத்துவாரா என்று திருப்பிக் கேட்டார். அந்த இடத்தைத் தணிவாகப் பாடிப் பார்த்தோம். பிற்பாட்டு அதற்குக் கீழே தாங்கலாக வந்தபோது எனக்கே மயிர்க்கூச்செறிந்தது.

மே 3

சதங்கை அணிந்தாயிற்று, அரங்கேற்றத்துக்கு முந்திய சடங்கு. காலில் கட்டி நின்றபோதுதான் கவனித்தேன்: தொடை நடுங்க, சதங்கை சன்னமாகக் கிலுங்குகிறது. நடுக்கம் வெளியில் தெரியாது என்று வாசித்தவனுக்கு நடுக்கம் சத்தம்போட்டது! அண்ணாவியாருக்கும் கேட்டிருக்கிறது. "மத்தளம் துவங்கினா அது உனக்கு மட்டும்தான் கேட்கும்" என்றார். தொடங்கினார். முதல் மிதியில் அந்தக் கிலுக்கம் தாளத்துக்குள் போய்விட்டது.

மே 25

இரவு அரங்கேற்றம் முடிந்தது. காலை பதினொரு மணிவரை தூங்கினேன்.

கூடுபோல விரிந்த கரப்புடுப்பும் முடியும் போட்டு நிற்கவே மூச்சு வாங்கியது. வரவுக்கு முன் வயிறு கலங்கியது, வாய் காய்ந்தது. எல்லாம் முன்போலத்தான். முன்னால் பிடித்த திரை விலகியதும் சனத்துக்குள் ஒரு கச்சான்காரரைத் தேடினேன். இருந்தார். ஒரு மடித்தூக்கப் பிள்ளையும் இருந்தது. எனக்குத் தெரிந்த சனம்தான் என்று மனம் சொல்லியது. இரண்டாம் வரவில் ஒரு அடி என்னை விட்டுப் போனது. பிற்பாட்டு எடுத்தது. ஒரு சுற்று ஆடிவந்து சேர்ந்துகொண்டேன்.

சூதுக்களத்தில் தோற்று நின்ற இடத்தைத் தணிவாகவே பாடினேன். கடைசி வரிசைக்குக் கேட்டிருக்காது என்று ஒருவர் சொன்னார். அது சரியாக இருக்கலாம், இன்னும் கொஞ்சம் எடுத்துப் பாட வேண்டும்.

அடுத்த கிழமை வீட்டுக்கு வீடு ஆட்டம் தொடங்குகிறது. அந்த ஆச்சியின் மகள் வீடு எங்கள் ஊரில்தானாம், அங்கேயும் ஆடச் சொல்லிக் கேட்டிருக்கிறார்கள். கரப்புடுப்பின் இடுப்புக் கயிறு அறுந்து கிடக்கிறது. சனிக்கு முன் தைத்தாக வேண்டும்.